அஸ்தூரியாஸ் கரையோரச் சிற்றூர்களின் அழகு எங்கிருந்து வருகிறது?

ஸ்பெயினின் வடகரையில் மலைச்சரிவோடு ஒட்டி அடுக்கடுக்காக ஏறி நிற்கும் மீனவர் ஊர்களின் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். குடும்பத்துடன் ஒரு வாரம் அங்கே தங்க நினைக்கிறீர்கள். அந்த அழகு நேரிலும் அப்படியே இருக்குமா, இருக்குமென்றால் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, உணவு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை மறுபடியும் படித்தபோது, ஊர்ப் பட்டியலைக் காட்டிலும் வேறொன்றை அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அதே நாட்டின் மத்தியதரைக் கரையில் வெயிலும் வெதுவெதுப்பான நீரும் தாராளமாகக் கிடைக்கும்போது, மழை பெய்கிற, நீர் குளிர்ந்திருக்கிற அட்லாண்டிக் கரையைத் தேடிப் போகும்படி அங்கே என்னதான் இருக்கிறது என்பதே உங்கள் ஐயம். அதற்கு விடை சொல்லிவிட்டால் எந்த ஊர் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கடலோர நிலவடிவங்களைப் பாடமாகப் படித்தவன் நான். அந்தப் படிப்பின் தொடர்ச்சியாக அஸ்தூரியாஸ் மாநிலத்தின் கரையில், மேற்கே லுவார்கா முதல் கிழக்கே யானெஸ் வரை, சில ஆண்டுகள் களப்பணி செய்திருக்கிறேன். பாறை, அலை, ஓதம் எனப்படும் கடல்மட்ட ஏற்ற இறக்கம், மழை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச என்னால் முடியும். ஊர்களின் வரலாற்றை அங்குள்ளவர்களிடமிருந்து கேட்டும் படித்தும் அறிந்தவன் என்பதால், அதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்வேன். இதே கடலைப் பார்த்திருக்கும் கலீசியாவையும் பாஸ்க் நாட்டையும் நான் பயணியாக மட்டுமே அறிவேன். ஆகவே அவற்றை இந்தப் பதிலில் விட்டுவிடுகிறேன்.

அந்தக் கரையில் நின்று தெற்கே திரும்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மலைதான். கந்தாபிரிய மலைத்தொடர் கிழக்கு மேற்காக, கடலுக்கு இணையாக ஓடுகிறது. அதன் மிக உயர்ந்த பகுதியான பீக்கோஸ் தே எவுரோப்பாவில் 2,600 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் கடலிலிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் நிற்கின்றன. அதற்கும் முன்னால், கடலை இன்னும் நெருங்கி, சுவேவே என்ற சிறு மலை இருக்கிறது. அதன் உச்சியான பியென்சு 1,161 மீட்டர் உயரம். கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். அந்த மலைப்பாதையில் ஃபித்தோ என்ற இடத்தில் 1927-இல் கட்டிய காட்சிமேடை ஒன்று உண்டு. வானம் தெளிந்த நாளில் அங்கே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பீக்கோஸின் சாம்பல்நிறப் பாறைமுகடுகளும் தெரியும். ஸ்பெயின் அமைந்திருக்கும் ஐபீரிய நிலத்தட்டு ஐரோப்பாவோடு மோதி நெருக்கியதில் எழுந்த மலை இது என்பதில் ஐயமில்லை. பிரனீஸ் மலையை எழுப்பிய அதே நெருக்கம், மேற்கே நீண்டு, இங்கும் வேலை செய்திருக்கிறது.

ஆனால் மலை அப்படியே சரிந்து கடலில் விழுகிறது என்று படங்களைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது. மலைக்கும் கடலுக்கும் இடையே, பல இடங்களில், மேசையைப் போல் தட்டையான ஒரு நிலப்பட்டை இருக்கிறது. உள்ளூரில் அதை ராசா என்கிறார்கள். ஒரு காலத்தில் அலை அரித்துத் தேய்த்த கடலடி மேடை அது. பின்னர் நிலம் உயர்ந்ததால் நீருக்கு மேலே வந்து நின்றுவிட்டது. எப்போது உயர்ந்தது, எத்தனை கட்டங்களாக உயர்ந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அலை அரித்து உருவானது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்தத் தட்டைநிலத்தின் விளிம்பு செங்குத்தாக வெட்டுண்டு கடலில் இறங்குகிறது. பேனியாஸ் முனையில் அந்த விளிம்பு ஏறக்குறைய நூறு மீட்டர் உயரம். மேலே புல்வெளி, மாடுகள், மக்காச்சோளக் கொல்லைகள், தூண்களின் மேல் நிற்கும் மரக் களஞ்சியங்கள். அவற்றின் தூண்தலையில் எலி ஏறாதபடி தட்டைக்கல் வைத்திருப்பார்கள். கீழே பாறையும் நுரையும். இரண்டையும் இணைக்கும் வழி எளிதில் கிடைப்பதில்லை.

இந்தக் கரையின் ஊர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு நான் கண்ட விடை இதுதான்: மேலே வாழ நிலம் உண்டு, கீழே வாழ்வாதாரமான கடல் உண்டு, ஆனால் படகை ஒதுக்க இடம் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்தத் தட்டைநிலத்தை அறுத்து ஒரு பிளவை உண்டாக்கிய இடத்தில் மட்டும்தான் நீரைத் தொட முடிகிறது. மீனவர்கள் அந்தப் பிளவுகளுக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள். அங்கே இடம் குறுகல் என்பதால் வீட்டின்மேல் வீடாக ஏறினார்கள். தெருவுக்கு இடமில்லாததால் படிக்கட்டே தெருவாயிற்று. உங்களை ஈர்த்த அந்த அடுக்குத் தோற்றத்தை யாரும் அழகுக்காகத் திட்டமிடவில்லை. நெருக்கடி கொடுத்த வடிவம் அது. நேரில் போய் நிற்கும்போது அதன் நேர்மை நமக்கு உறைக்கிறது என்பதால்தான், படத்தைவிட நேரில் அது கூடுதலாகப் பிடிக்கும் என்று துணிந்து சொல்கிறேன்.

குதியேரோ இதற்குச் சரியான சான்று. ஊருக்கு அரை கிலோமீட்டர் பக்கத்தில் வந்த பிறகும் அப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. கடலிலிருந்து வரும் படகுக்கும் துறைமுக வாயில் திரும்பினால்தான் வீடுகள் தென்படும். இறங்கிச் செல்லும் முதன்மைத் தெரு, மூடப்பட்ட ஓடையின் மேல்தான் போகிறது. துறைமுகத்தை நோக்கி வட்டக் கூத்தரங்கின் இருக்கைகளைப் போல வீடுகள் மூன்று பக்கமும் சூழ்ந்து ஏறியிருக்கின்றன. துறையை ஒட்டி வாழ்ந்த மீனவர்களும் மேட்டில் வாழ்ந்தவர்களும் தங்களை வெவ்வேறு கூட்டமாகவே எண்ணி, வெவ்வேறு பெயர்களால் அழைத்துக்கொண்டார்கள். சில வீடுகளின் சுவரில் தோலுரித்த சிறு சுறாக்கள் காய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். குராதீயோ என்ற அந்தக் கருவாடு, கடலுக்குப் போக முடியாத குளிர்கால நாட்களுக்கான சேமிப்பு. ஜூன் 29-ஆம் நாள், புனித பேதுரு திருவிழாவில், அந்த ஆண்டு ஊரில் நடந்தவற்றையெல்லாம் உள்ளூர்ப் பேச்சுவழக்கிலேயே செய்யுளாக ஒருவர் முழங்குவார். அமுராவேலா என்ற அந்த நிகழ்ச்சியில் வெளியூர் ஸ்பானியர்களுக்கே பாதி விளங்காது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்ப்பதற்கு அது தடையாக இருக்காது.

எல்லா ஊர்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைக்க வேண்டாம். பாறை மாறும்போது ஊரின் முகமும் மாறுகிறது. இதை எந்த வழிகாட்டி நூலும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். மேற்கே இருப்பவை மிகப் பழைய பலகைக்கற்களும் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையும். அதனால் லுவார்காவில் கூரைகள் கருஞ்சாம்பல் பலகைக்கல்லால் வேய்ந்தவை, சுவர்கள் வெள்ளை, கடற்கரைகள் கருமை கலந்த கூழாங்கல். நோபல் பரிசு பெற்ற உயிர்வேதியியலாளர் செவேரோ ஓச்சோவா 1905-இல் பிறந்ததும் 1993-இல் இறந்தபின் அடக்கம் செய்யப்பட்டதும் அந்த ஊரில்தான். கடலுக்கு மேலே, கலங்கரை விளக்கத்தின் அருகே இருக்கும் அந்த வெள்ளைக் கல்லறைத்தோட்டத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். நடுவே, ஹிஹோனுக்கும் ரிபாதெசேயாவுக்கும் இடையில், ஜுராசிக் காலப் பாறைகள் வெளிப்பட்டிருக்கின்றன. தாழ்வோதத்தின்போது பாறைத்தட்டுகளில் டைனோசர்களின் காலடித் தடங்களை நேரடியாகப் பார்க்கலாம். லாஸ்த்ரெஸ் என்ற செங்குத்தான மீனவர் ஊருக்கு மேலே, தட்டைநிலத்தின் மீது, மூன்று விரல் பாதத்தின் வடிவிலேயே கட்டிய ஜுராசிக் அருங்காட்சியகம் 2004-இல் திறக்கப்பட்டது. குழந்தைகளுடன் போகிறீர்கள் என்றால் இதைத் தவறவிடக் கூடாது.

கிழக்கே யானெஸ் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறை தொடங்குகிறது. கரை முழுவதும் வேறு நிறம் கொள்கிறது. மணல் வெளிறுகிறது, நீர் பச்சை நீலமாகிறது, பாறைக்குள் நீர் குடைந்த குகைகள் நிறைகின்றன. இந்தக் குடைவுகளால் உண்டான இரண்டு விந்தைகளைச் சொல்ல வேண்டும். நாவெஸ் என்ற சிற்றூரின் அருகே உள்ள குல்பியூரி, புல்வெளியின் நடுவே கிடக்கும் கடற்கரை. கடல் நூறு மீட்டருக்கு அப்பால், பாறைக்குப் பின்னால் இருக்கிறது. பாறைக்கு அடியிலுள்ள குகைவழியே கடல்நீர் உள்ளே வர, உட்குழிந்த நிலத்தில் மணலும் சிற்றலையும் சேர்ந்துவிட்டன. உயர்வோதத்தில் போனால் குட்டிக் கடலைப் பார்க்கலாம். தாழ்வோதத்தில் போனால் ஈர மணல் மட்டும்தான் இருக்கும். ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் நேரம் பார்க்காமல் போனவர்களே. மற்றொன்று, ப்ரியா அருகே உள்ள ஊதுகுழிகள். குகைக்குள் புகும் அலை, மேலேயுள்ள துளைகள் வழியாகக் காற்றையும் நீரையும் பீய்ச்சி அடிக்கும். பெரிய அலையும் உயர்வோதமும் சேரும் குளிர்கால நாட்களில்தான் நீர்த்தூண் எழும். அமைதியான கோடை நாளில் பாறைக்குள்ளிருந்து உறுமல் மட்டுமே கேட்கும். அந்தத் துளைகளின் அருகே போவது உயிருக்கு ஆபத்து. தொலைவில் நின்று பார்ப்பதே சரி.

ஓதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி இந்தக் கரையில் கடல்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் அகன்ற மணற்பரப்பாக இருந்த இடம் மதியத்துக்குள் பாறைச்சுவரில் மோதும் நீராகிவிடும். துறைமுகத்தில் படகுகள் சில மணி நேரத்தில் ஒரு மாடி உயரம் மேலே வந்துவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுவதும் பார்த்தாலும் காட்சி அலுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். மத்தியதரைக் கடலில் இது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இதே ஏற்றம்தான், பாறைகளைச் சுற்றி நடந்து அடுத்த சிறு விரிகுடாவுக்குப் போனவர்களைத் திரும்ப முடியாமல் சிக்கவைக்கிறது. ஓத அட்டவணையைப் பார்க்காமல் கரையில் இறங்கக் கூடாது என்று என் மாணவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். நீர் ஆகஸ்டில்கூட 20 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். உள்ளிழுக்கும் நீரோட்டம் உள்ள கரைகள் பல. பச்சைக் கொடி பறக்கும், காவலர் இருக்கும் கரையில் மட்டும் குளியுங்கள்.

அடுத்தது மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் ஆண்டு முழுவதும் மழை உண்டு. கோடையில் குறையுமே தவிர நிற்காது. பெருமழையைவிட, ஓர்பாயு என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தூறல்தான் அடிக்கடி வரும். குடை பிடித்தாலும் நனைக்கும். மத்திய ஸ்பெயின் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும் ஜூலையில் இங்கே மலையும் வயலும் பச்சையாக இருப்பதும், மாட்ரிடில் 40 பாகை கொதிக்கும் நாளில் இங்கே 23 பாகையில் நடக்க முடிவதும் இந்த மழையின் கொடைகள். இந்தக் கரைக்கே 'பசுங்கரை' என்றுதான் சுற்றுலாத் துறை பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை எல்லாம் பழைய காடு என்று எண்ண வேண்டாம். கருவாலியும் செஸ்ட்நட்டும் இருந்த சரிவுகள் பலவற்றில் இப்போது நிற்பது காகிதக்கூழுக்காக வளர்க்கும் யூகலிப்டஸ். மேற்கே நவியாவில் பெரிய காகிதக்கூழ் ஆலை ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் அந்தப் பசுமையை மட்டும் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை.

மலை இந்த ஊர்களை நெடுங்காலம் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து பிரித்தே வைத்திருந்தது. பீடபூமியிலிருந்து பஹாரெஸ் கணவாய் வழியாக ரயில் இறங்கியது 1884-இல்தான். அந்த வளைந்து நெளியும் பாதைக்கு மாற்றாக, மலையின் அடியில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது 2023 நவம்பரில். கரையை ஒட்டிய நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு முடிந்ததும் 2014-இன் இறுதியில்தான். ஆக, நிலவழியாகப் போவதைவிடக் கடல்வழியாகப் போவதே எளிதாக இருந்த ஊர்கள் இவை. இடைக்காலம் தொட்டு 18-ஆம் நூற்றாண்டு வரை இவர்கள் திமிங்கிலம் வேட்டையாடினார்கள். துறைமுகங்களுக்கு மேலே உயர்ந்த முனைகளில் காவலிருந்து, திமிங்கிலம் தென்பட்டதும் தீமூட்டி அறிவிப்பார்கள். கடல் எடுத்துக்கொண்டதும் மிகுதி. கலேர்னா என்று அழைக்கப்படும், வெயில் காயும் பகலில் சில நிமிடங்களில் எழும் வடமேற்குச் சூறை, 1878 ஏப்ரலில் கந்தாபிரியக் கடலோரம் முழுவதுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்களைக் கொன்றது. மழைச்சாரலில் நனைந்து நிற்கும் சிறு கோயில்களில் கப்பல் உருவங்கள் தொங்குவதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலைத் தாண்டிப் போனவர்களின் கதையும் இந்தத் தெருக்களில் எழுதியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான அஸ்தூரிய இளைஞர்கள், பலர் பதினைந்து வயதைக்கூட எட்டாதவர்கள், கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிழைக்கப் போனார்கள். பெரும்பாலோர் ஏழைகளாகவே இருந்துவிட்டார்கள். பணம் சேர்த்துத் திரும்பிய சிலர் இந்தியானோ எனப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தை இந்தியாக்கள் என்று அழைத்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது, நம் நாட்டோடு தொடர்பில்லை. அவர்கள் வண்ண மாளிகைகள் கட்டினார்கள். வாசலில், தாங்கள் வாழ்ந்த நாட்டின் நினைவாக, ஒரு பனையை நட்டார்கள். தூறலில் நிற்கும் அந்தப் பனைகள் இன்றும் இந்தியானோ வீட்டின் அடையாளம். பள்ளிக்கூடங்களும் குடிநீர்க் குழாய்களும்கூட அவர்கள் பணத்தில் வந்தன. கொலோம்ப்ரெஸ் ஊரில், மெக்சிகோவில் செல்வம் சேர்த்த இன்யீகோ நொரியேகா லாசோ என்பவர் 1906-இல் கட்டிய நீல மாளிகை, இப்போது புலம்பெயர்ந்தோரின் ஆவணக் காப்பகமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. நான் அங்கே பார்த்தவற்றுள் பயணப்பெட்டிகளும் கடிதங்களும்தான் மனதை மிகவும் தொட்டன. பிழைப்புக்காகக் கடல் கடந்த உறவினர்கள் உள்ள எவருக்கும் அந்த அறைகள் நன்றாகப் புரியும்.

இந்த ஊர்களைப் பற்றிச் சொல்லப்படும் சில செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் எச்சரிக்க வேண்டும். குதியேரோவை வைக்கிங்குகள் நிறுவினார்கள், அவர்கள் பேச்சிலிருந்தே அந்த ஊர் வழக்கு பிறந்தது என்பது ஆதாரமற்ற புனைவு. படகுக்குப் பூசி மிஞ்சிய வண்ணத்தை வீட்டுக்குப் பூசினார்கள் என்ற கதை ஐரோப்பாவின் மீனவர் ஊர்கள் பலவற்றில் சொல்லப்படுவது. நடந்திருக்கக் கூடியதுதான், ஆனால் அதைச் செவிவழிச் செய்தியாக மட்டும் கொள்ளுங்கள். பின்னாளில் புனித ரோமப் பேரரசரான சார்லஸ், பதினேழு வயதில், ஸ்பெயினின் அரசுரிமையை ஏற்க வந்தபோது, 1517 செப்டம்பரில் அவருடைய கப்பல்கள் எண்ணிய இடத்தைத் தவறவிட்டு தாசோனெஸ் என்ற குட்டி மீனவத் துறையின் முன் வந்து நின்றன என்பது உறுதி. அவர் முதலில் காலடி வைத்தது தாசோனெஸிலா, கழிமுகத்துக்குள் இருக்கும் வியாவிசியோசாவிலா என்பதில்தான் இரண்டு ஊர்களுக்கும் வழக்கு. தாசோனெஸ் ஆண்டுதோறும் அந்த வருகையை நடித்துக் கொண்டாடுகிறது.

இனி எந்த ஊர் என்ற கேள்வி. குடும்பத்துடன் ஒரே இடத்தில் தங்கி மற்றவற்றைப் பார்த்துவரச் சொன்னால் நான் ரிபாதெசேயாவைத்தான் சொல்வேன். செயா ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஒரு கரையில் பழைய துறையும் மீன் ஏலக்கூடமும், மறு கரையில் இந்தியானோ மாளிகைகள் வரிசையாக நிற்கும் சாந்தா மரீனா கடற்கரையும், இரண்டையும் இணைக்கும் பாலமும், பின்னணியில் மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். பிளவுக்குள் ஒண்டிய ஊர்களைப் போலன்றி இங்கே சமதளம் உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் எளிதாக நடக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரை ஒட்டியே தீத்தோ புஸ்தீயோ குகை இருக்கிறது. 1968-இல் மலையேறும் இளைஞர்கள் சிலர் இறங்கிக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவர் சில நாட்களிலேயே மலை விபத்தில் இறந்துவிட, அவர் பெயரையே குகைக்கு வைத்தார்கள். செந்நிறத்திலும் ஊதா நிறத்திலும் தீட்டிய குதிரைகளும் மான்களும் உள்ள அந்தச் சுவர், பனியுகத்தின் பல காலங்களில் பலர் மீண்டும் மீண்டும் வரைந்தது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த நாட்களில் குகையிலிருந்து கரைக்குப் போகச் சில கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்திருக்கும். இன்று சாந்தா மரீனாவில் நின்று நாம் பார்க்கும் நீருக்கு அடியில் அந்த ஓவியங்களை வரைந்தவர்கள் வேட்டையாடிய சமவெளி கிடக்கிறது.

உணவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீன் உண்பவர்களுக்கு இந்தக் கரையில் குறையே இராது. கோடையில் வரும் போனீத்தோ என்ற வெண்சதைச் சூரையையும் புதிய நெத்திலியையும் ருசித்துப் பாருங்கள். சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற வெள்ளை மொச்சைக் குழம்பான ஃபபாதாவில் பன்றி இறைச்சி கட்டாயம் இருக்கும். மக்காச்சோள மாவைத் தட்டிப் பொரித்த தோர்த்தோ, முட்டை, மலைக்குகைகளில் முதிரவிடும் கபிராலெஸ் நீலப் பாலாடைக்கட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும். மது அருந்துவோர்க்கு ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்த சிட்ரா உண்டு. புட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி, இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கண்ணாடிக் குவளையில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். விழும் வேகத்தில் காற்று கலந்து மணம் எழும். அடங்குவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். 2024 டிசம்பரில் இந்தச் சிட்ராப் பண்பாடு யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. குடிக்காதவர்களும் சிட்ரேரியா எனப்படும் ஒரு சிட்ராக் கடையில் உட்கார்ந்து அந்த ஊற்றும் கைத்திறனைப் பார்க்கலாம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் பயணத்தின் வெற்றி இருக்கிறது. ஆகஸ்டில் போகாதீர்கள். அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அரியோந்தாஸிலிருந்து ரிபாதெசேயா வரை இருபது கிலோமீட்டர் படகுப் போட்டி நடக்கும். நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும், அறை கிடைக்காது. குதியேரோவின் குறுகிய தெருவில் அப்போது நடக்கவே இடமிருக்காது. அதே தெரு ஜனவரியில் வெறிச்சோடிக் கிடக்கும். பல வீடுகள் கோடைக்கு மட்டும் திறப்பவை ஆகிவிட்டன. மீன்பிடிப் படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. இளைஞர்கள் வேலைதேடி வெளியேறுகிறார்கள். சுற்றுலா இந்த ஊர்களைக் காப்பாற்றுகிறதா, உள்ளீடற்றதாக்குகிறதா என்று கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது என்பதே என் கணிப்பு. இதை அளந்து சொல்லும் தகுதி நிலவியலாளனான எனக்கு இல்லை. ஜூன் பிற்பகுதியோ செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களோ சரியான காலம். செப்டம்பரில் நீரும் ஆகஸ்டின் வெதுவெதுப்பை இழந்திருக்காது, கூட்டமும் கலைந்திருக்கும்.

நாட்களை இறுக்கித் திட்டமிடாதீர்கள். மழைக்கு இரண்டு நாள் விட்டுவையுங்கள். ஓவியேதோவிலிருந்து ரிபாதெசேயா, யானெஸ் வழியாகச் சாந்தாந்தேருக்கு மீட்டர் பாதை ரயில் ஓடுகிறது. வேகம் குறைவு, நாளொன்றுக்கு வண்டிகளும் குறைவு, ஆனால் வயல்களுக்கும் கடலுக்கும் இடையே அது போகும் வழி அருமையானது. நிலையங்கள் பல ஊர்களில் மேட்டிலேயே இருக்கும் என்பதால், பெட்டிகளோடு இறங்கி நடக்க ஆயத்தமாக இருங்கள். லாஸ்த்ரெஸுக்கும் ஃபித்தோவுக்கும் வாடகைக் கார்தான் வசதி. பீக்கோஸ் மலைமேலுள்ள கோவதோங்கா ஏரிகளுக்குக் கோடையில் சொந்த வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கீழேயிருந்து பேருந்தில் போகலாம். குகைக்கு நாளொன்றுக்கு மிகச் சிலரைத்தான் அனுமதிக்கிறார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். ஆகவே அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே குகைக்கான சீட்டு கிடைக்கும் நாளைப் பார்த்துவிட்டு, அந்த நாளைச் சுற்றி மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.